திருகோணமலையில் மோட்டார் சைக்கிள் காப்புறுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீதியில் பொலிஸார் மறித்தால் காட்ட ஓர் அட்டை இருக்கிறது என்பது வேறு, விழுந்து எழும்பியபின் கம்பனி பணம் தரும் என்பது வேறு. நட்டஈடு மறுக்கப்படுவது பெரும்பாலும் விபத்தைப் பற்றிய சந்தேகத்தால் அல்ல. உரிமையாளர் பெயர், சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பு, எழுதிய பெறுமதி, பாவனை ஆகிய நான்கில் ஒன்று பிழைத்திருக்கும். நான்கையும் முன்கூட்டியே சரிசெய்யலாம். கீழுள்ள பதில்களில் பல அதைப் பற்றியவைதான்.

சட்டப்படி எது கட்டாயம்?

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, அது இல்லாமல் எந்த மோட்டார் வாகனத்தையும் பெருந்தெருவில் ஓட்ட முடியாது. 50 சிசி ஸ்கூட்டிக்கும் இதே சட்டம்தான். "வீட்டிலிருந்து சந்தைக்கு மட்டும்தான் ஓடுறனான்" என்று சொல்லித் தப்ப முடியாது. பிடிபட்டால் தண்டப்பணம் 25,000 ரூபாவிலிருந்து தொடங்குகிறது. பல பைக்குகளுக்கு ஒரு வருட மூன்றாம் தரப்புக் கட்டுப்பணம் இந்தத் தொகைக்குக் கிட்டவும் வராது.

உங்கள் பைக்கால் இன்னொருவருக்கு ஏற்படும் மரணம், காயம், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கு இந்தக் காப்புறுதி பொறுப்பேற்கும். சொத்துச் சேதத்துக்கு ஒரு மேல் வரம்பு உண்டு, அது பொலிசியில் எழுதப்பட்டிருக்கும். முச்சக்கரவண்டியின் கதவை நசுக்குவதற்கும் புது வேனின் பக்கவாட்டைக் கிழிப்பதற்கும் ஆகும் செலவு ஒன்றல்ல. ஆகவே அந்த வரம்பைக் கேட்டறிந்துதான் காசு கட்ட வேண்டும். உங்கள் பைக்குக்கோ உங்கள் உடம்புக்கோ இதில் ஒரு சதமும் வராது.

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க என்ன வரிசையில் போக வேண்டும்?

முதலில் காப்புறுதி, அடுத்தது புகைப் பரிசோதனை, கடைசியில் பிரதேச செயலகம். நகரத்தில் இருப்பவர்களுக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். கிண்ணியா, மூதூர், குச்சவெளி, தம்பலகாமம், கந்தளாய்க்காரருக்கு அங்கங்கே உண்டு. இணையத்திலும் புதுப்பிக்கலாம்.

இந்த வேலை இடையில் நிற்பதற்கு வழக்கமான காரணம் எழுத்துப் பிழை. காப்புறுதி அட்டையில் சேசிஸ் இலக்கத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது 0 இருக்க வேண்டிய இடத்தில் ஓ என்ற ஆங்கில எழுத்து விழுந்திருக்கும். அட்டையைக் கையில் வாங்கிய இடத்திலேயே பதிவுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து வாகன இலக்கம், சேசிஸ் இலக்கம், எஞ்சின் இலக்கம் மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த நேரத்தில் திருத்துவது ஐந்து நிமிட வேலை.

புகைப் பரிசோதனையில் பைக் தோற்றால் முதலில் எயர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். நிலாவெளிப் பக்கத்து மணலும் தூசியும் அதை விரைவில் அடைத்துவிடும். அடுத்து, காபரேற்றரில் பெற்றோல் கலவை கூடியிருக்கிறதா, சைலன்சரில் துருப்பிடித்த ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போதே பரிசோதனைக்குக் கொடுப்பது நல்லது.

மூன்றாம் தரப்பு போதுமா, முழுக் காப்புறுதி எடுப்பதா?

லீசிங்கில் எடுத்த பைக் என்றால் உங்களுக்குத் தெரிவே இல்லை. கடன் முடியும்வரை முழுக் காப்புறுதி, அதாவது உங்கள் சொந்தப் பைக்கின் சேதத்துக்கும் களவுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கும் காப்புறுதி, வேண்டும் என்று லீசிங் ஒப்பந்தமே சொல்லும். பைக் முழுதாக அழிந்தாலோ களவு போனாலோ நட்டஈடு முதலில் லீசிங் கம்பனிக்குப் போகும். மிச்சம் இருந்தால்தான் உங்களுக்கு. தவணை நிலுவையில் இருந்தால் அந்த மிச்சம் இன்னும் சுருங்கும்.

சொந்தப் பைக் என்றால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: நாளைக்கே இது களவு போனால், இதே போன்ற ஒன்றைக் கைக்காசில் வாங்க முடியுமா? முடியாது என்றால் முழுக் காப்புறுதி எடுங்கள். 15 வருடப் பழைய சிடி 100 பைக்குக்கு முழுக் காப்புறுதி எடுப்பதில் பெரிய லாபம் இல்லை. கட்டுப்பணம், எக்சஸ் (ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை), தேய்மானக் கழிவு எல்லாம் போகக் கைக்கு வருவது சொற்பம். அப்படியானவர்கள் மூன்றாம் தரப்போடு தனிநபர் விபத்துக் காப்பு ஒன்றைச் சேர்த்துக்கொள்வது புத்தி. பைக்கைத் திருத்தலாம். கால் முறிந்து மூன்று மாதம் வேலைக்குப் போகாமல் இருந்தால் குடும்பத்தின் சமையலறை நின்றுபோகும்.

பைக்கின் பெறுமதியை எவ்வளவு என்று எழுதுவது?

இன்று சந்தையில் அதே வருடத்து, அதே நிலையிலுள்ள பைக் என்ன விலைக்குப் போகிறதோ அதுதான். வாங்கிய விலையோ லீசிங் தொகையோ அல்ல.

கட்டுப்பணம் குறையட்டும் என்று பெறுமதியைக் குறைத்து எழுதுகிறார்கள். ஏஜென்ட் சிலரும் அதற்கு ஒத்துப்போகிறார்கள். பிறகு நடப்பதைக் கணக்கில் பாருங்கள். சந்தை விலை 600,000 ரூபா, பொலிசியில் எழுதியது 400,000 ரூபா. விபத்தில் திருத்தச் செலவு 90,000 ரூபா வருகிறது. நீங்கள் காப்புறுதி செய்தது பெறுமதியின் மூன்றில் இரண்டு பங்கைத்தான், ஆகவே கம்பனியும் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தரும்: 60,000 ரூபா. அதிலிருந்து எக்சஸ் 5,000 கழிந்தால் 55,000. மிச்சம் 35,000 உங்கள் பையிலிருந்து போக வேண்டும். இது முழுச் சேதத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த நிபந்தனை உள்ள பொலிசியில் சிறு சேதத்துக்கும் அதே விகிதம்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய பைக்குகளின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் தொடங்கியது. இப்படி விலை ஏறி இறங்கும் காலத்தில் போன வருடத்துத் தொகையை அப்படியே விட்டுப் புதுப்பிப்பது பிழை. கூட்டி எழுதுவதாலும் பயன் இல்லை. முழுச் சேதத்துக்குச் சந்தை விலைக்கு மேல் தரமாட்டார்கள், கட்டுப்பணம் மட்டும் வீணாகக் கூடும்.

பின்னால் இருப்பவருக்குக் காப்புறுதி உண்டா?

தானாகவே உண்டு என்று நம்பிவிடாதீர்கள். கட்டாய மூன்றாம் தரப்பு முதன்மையாக வீதியில் போகிற மற்றவர்களுக்கானது. பின் இருக்கையில் மனைவியோ பிள்ளையோ இருந்தால் அதற்கெனத் தனிச் சேர்க்கை எடுக்க வேண்டும். பொலிசி அட்டவணையில் பின்னிருப்பவர் என்று ஒரு வரியும் அதற்கு நேரே ஒரு தொகையும் இருக்கிறதா என்று பாருங்கள். வரி இல்லையென்றால் காப்பும் இல்லை. மேலதிகமாகக் கட்டும் காசு பெரிதல்ல. திருகோணமலையில் பைக் என்பது குடும்பமே ஏறிப்போகும் வாகனம், ஆகவே எல்லோரும் எடுக்க வேண்டிய சேர்க்கை இது. முன்னால் தாங்கியில் ஒரு பிள்ளை, நடுவில் இன்னொன்று என்று போனால் எந்தச் சேர்க்கையும் கைகொடுக்காது.

தம்பியின் லைசன்ஸ் ஏ1 மட்டும். அவர் என்னுடைய 150 சிசி பல்சரை ஓட்டலாமா?

கூடாது. ஏ1 வகுப்பு 100 சிசி வரையான பைக்குக்கு, அதற்கு மேல் ஏ வகுப்பு வேண்டும். ஏ1 வைத்துக்கொண்டு பல்சர் ஓட்டுபவர் காப்புறுதியின் கண்ணில் லைசன்ஸ் இல்லாதவர்தான். சொந்தச் சேதத்துக்கான கோரிக்கை அங்கேயே முடிந்துவிடும். அவர் மோதி ஒருவர் காயப்பட்டால், காயப்பட்டவருக்குக் கம்பனி கொடுக்க நேர்ந்தாலும் அந்தப் பணத்தை உரிமையாளரான உங்களிடமிருந்து திருப்பிக் கேட்கும் உரிமை அதற்கு உண்டு. மதுபோதைக்கும் இதே கதி. இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டினால் குடிபோதைதான்.

பைக் பழகுபவர் வீட்டில் இருந்தால் அவரைப் பற்றிக் கம்பனியிடம் முன்பே கேட்டு, பொலிசியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

பழைய பைக் வாங்கினேன். புத்தகம் இன்னும் முன்னைய ஆளின் பெயரில். அவருடைய காப்புறுதி செல்லுமா?

எங்கள் பக்கம் இதுதான் பெரிய தலைவலி. பதிவுப் புத்தகத்தையும் கையொப்பமிட்ட வெற்றுப் பெயர்மாற்றப் படிவத்தையும் வாங்கிக்கொண்டு இரண்டு, மூன்று வருடம் அப்படியே ஓட்டுகிறார்கள். பைக் ஏகாம்பரம் வீதியில் ஒருவரிடமிருந்து கிண்ணியாவுக்குப் போய், அங்கிருந்து மூதூருக்கும் போயிருக்கும். புத்தகத்தில் முதலாமவர் பெயரே நிற்கும்.

காப்புறுதி ஒருவரோடு செய்துகொண்ட ஒப்பந்தம். பைக் கைமாறினால் அது கூடவே போகாது. விற்றவருக்குப் பைக்கில் இனி எந்த நலனும் இல்லாததால் அவரால் கோர முடியாது. வாங்கியவருக்கு ஒப்பந்தமே இல்லாததால் அவராலும் கோர முடியாது. விற்றவருக்கும் ஆபத்து உண்டு. அவர் பெயரில் பதிவான பைக் யாரையாவது இடித்தால் பொலிஸார் முதலில் வந்து நிற்பது அவர் வீட்டு வாசலில்தான்.

செய்ய வேண்டியது இது. காசு கொடுக்கும் நாளிலேயே திகதியிட்ட விற்பனைக் கடிதம் எழுதி, இருவரின் அடையாள அட்டைப் பிரதியையும் இணைத்துக்கொள்ளுங்கள். அன்றே காப்புறுதிக் கம்பனிக்குப் போய், பொலிசியை உங்கள் பெயருக்கு எழுத்தில் மாற்றித் தருவார்களா, புதிதாக எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர்மாற்றத்தைத் தொடங்கி, பற்றுச்சீட்டின் பிரதியைக் கம்பனிக்குக் கொடுங்கள். புத்தகத்தில் லீசிங் கம்பனி பெயர் இன்னும் இருந்தால், அது நீக்கப்படும் முன் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

திருகோணமலைக்கு எந்த மேலதிகச் சேர்க்கைகள் உண்மையில் தேவை?

வெள்ளம், புயல் உட்பட்ட இயற்கை அனர்த்தச் சேர்க்கை முதலாவது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவி புயல் கரையேறியது எங்கள் மாவட்டத்தில்தான், திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடைப்பட்ட கரையில். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளத்தை மூதூர், வெருகல் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். முழுக் காப்புறுதி எடுத்தாலே வெள்ளமும் அதற்குள் அடங்கும் என்பது பொதுவான நம்பிக்கை. பல பொலிசிகளில் அது தனிச் சேர்க்கை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஒக்டோபருக்குள், பொலிசியைப் புரட்டிப் பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்தபின் இதைச் சேர்த்துத் தரும்படி கேட்டுப் பலன் இல்லை.

கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான சேர்க்கையும் தனியே. அதன் பின்னால் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் நிதி இருக்கிறது. கட்டுப்பணம் சிறியது, எடுத்துவிடுங்கள். தனிநபர் விபத்துக் காப்பையும் பின்னிருப்பவர் காப்பையும் மேலே சொன்னோம். இழுவைச் செலவு கந்தளாய், ஹபரணைப் பக்கம் அடிக்கடி ஓடுபவர்களுக்குத்தான் பிரயோசனம். நகரத்துக்குள் ஓடுபவருக்கு ஒரு லான்ட்மாஸ்டர் பிடித்தால் போதும்.

பைக் வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. என்ன செய்வது?

ஸ்டார்ட் பண்ணாதீர்கள். கையால் செல்ஃபை அமத்துவதும் காலால் உதைப்பதும் ஒன்றுதான். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், தண்ணீர் அமுங்காத காரணத்தால் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். வெள்ளம் செய்த சேதம் சில ஆயிரம். உதைத்ததால் வரும் சேதம் எஞ்சின் முழுவதும். அந்த இரண்டாவது சேதத்தை உங்கள் கவனயீனம் என்று கம்பனி தள்ளிவிட முடியும்.

தண்ணீர் எந்த மட்டம்வரை ஏறியது என்று சேற்றுக் கோடு தெரியும்படி படம் எடுங்கள். பற்றரி வயரைக் கழற்றிவிடுங்கள். கம்பனிக்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். அவர்கள் சரி சொன்னபின்தான் மெக்கானிக் திறக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, எஞ்சினை மெல்லச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, எயர் ஃபில்டரை மாற்றி, ஒயில் பால்தேநீர் நிறத்தில் வந்தால் அது தெளியும்வரை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும். பெற்றோல் தாங்கியையும் வடித்துவிடுவார்கள். கழற்றிய பாகங்களை எறிய வேண்டாம், சேதத்தைக் கணக்கிடக் கம்பனி அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்க்கக் கேட்பார்.

விபத்து நடந்தால் அந்த இடத்தில் எதை முதலில் செய்ய வேண்டும்?

காயப்பட்டவரைப் பாருங்கள். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. நிறுத்தாமல் போவது தனிக் குற்றம்.

அடுத்து, பைக்கை அசைக்கும் முன் படங்கள். இரண்டு வாகனமும் வீதியும் ஒன்றாகத் தெரியும்படி தூரத்திலிருந்து நாலு பக்கமும், பிறகு சேதத்தைக் கிட்டவாக, பிறகு மற்ற வாகனத்தின் இலக்கம், அதன் காப்புறுதி அட்டை, சாரதியின் அனுமதிப்பத்திரம். பிரேக் பிடித்த தடம் இருந்தால் அதையும் எடுங்கள், மழை வந்தால் அழிந்துவிடும். பின்பு அந்த இடத்திலிருந்தே கம்பனியின் அவசர இலக்கத்துக்கு அழையுங்கள். வீட்டுக்குப் போய் மறுநாள் அழைத்தால், "ஏன் தாமதம்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

கடைசியாக ஒன்று, இது மிக முக்கியம். கூட்டம் கூடி, "இங்கேயே பேசி முடிப்பம்" என்பார்கள். உங்கள் பிழை என்று எழுதியும் கொடுக்காதீர்கள், இவ்வளவு தருகிறேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள். கம்பனியின் சம்மதமின்றி நீங்கள் ஒப்புக்கொண்ட பொறுப்புக்கு அது கட்டுப்படாது. ஒருவருக்குச் சிறு காயம் என்றாலும் பொலிஸில் முறைப்பாட்டைப் பதிந்து பிரதி எடுங்கள். அன்று சிராய்ப்பாகத் தெரிந்தது ஒரு கிழமையில் எலும்பு வெடிப்பு என்று தெரியவரும்.

மாடு, மான், யானை குறுக்கே வந்து விழுந்தால்?

நிலாவெளி வீதியில் இரவில் படுத்திருக்கும் மாடுகளும், நகரத்துக்குள் கோட்டைப் பக்கம் திரியும் மான்களும், கந்தளாய் தாண்டி ஏ6 வீதியில் ஏறும் யானைகளும் எங்கள் வீதிகளின் நிரந்தர ஆபத்துகள். பைக்கின் சேதத்துக்கு முழுக் காப்புறுதி மட்டுமே கைகொடுக்கும். மாடு செத்துக் கிடந்தாலும் ஓடிப்போனாலும் இடத்தைப் படம் எடுங்கள். பைக்கில் ஒட்டிய முடியையும் இரத்தத்தையும் மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை கழுவாதீர்கள். பிறகு பொலிஸ் முறைப்பாடு. மாட்டுச் சொந்தக்காரர் தெரிந்தால் அவர் மீது உரிமை கோரலாம், ஆனால் விபத்து நடந்தபின் அந்த மாட்டுக்குச் சொந்தக்காரர் கிடைப்பது அரிது.

பிழை மற்றவருடையது. எனக்கோ மூன்றாம் தரப்பு மட்டும்.

அப்படியென்றால் உங்கள் நட்டம் அவருடைய காப்புறுதியிலிருந்து வர வேண்டும். அவரது பொலிசி இலக்கத்தைக் கொண்டு அந்தக் கம்பனிக்கு எழுத்தில் கோரிக்கை அனுப்புங்கள். பொலிஸ் அறிக்கையின் பிரதி, திருத்த மதிப்பீடு, வைத்தியசாலைப் பத்திரங்கள் வேண்டும். சிறு தொகையை அவர்கள் பேசி முடித்துவிடலாம். பெரிய காயம் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத்தான்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸார் நடத்தும் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். அது சாரதிக்குத் தண்டனை கொடுக்கும் வழக்கு, உங்கள் நட்டஈட்டு வழக்கு அல்ல. நட்டஈட்டுக்கான வழக்கை விபத்து நடந்து 2 வருடத்துக்குள் தொடுக்க வேண்டும், பொலிஸ் வழக்கு இழுபட்டாலும் இந்தக் காலம் ஓடிக்கொண்டே இருக்கும். சட்டத்தரணியை முதல் மாதத்திலேயே பாருங்கள். வழக்குத் தொடுக்கும்போது காப்புறுதிக் கம்பனிக்கும் முறைப்படி அறிவித்தல் போக வேண்டும், அதை அவரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இடித்துவிட்டு ஓடிய வாகனம் எது என்றே தெரியாவிட்டால், காயப்பட்டவரோ இறந்தவரின் குடும்பமோ தேசிய வீதிப் பாதுகாப்புச் சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பொலிஸ் முறைப்பாடு இல்லாமல் அதுவும் நகராது.

சின்னச் சேதத்துக்கும் கோரலாமா?

கோரலாம், ஆனால் கணக்குப் பார்த்து. இண்டிகேட்டரும் கண்ணாடியும் உடைந்து 7,000 ரூபா செலவு, எக்சஸ் 5,000 என்றால் உங்களுக்கு வருவது 2,000. அதற்காக, கோரிக்கை இல்லாத வருடங்களுக்குக் கிடைக்கும் கட்டுப்பணக் கழிவை இழப்பீர்கள். கம்பனி மாறும்போது அந்தக் கழிவுக்கான கடிதத்தைப் பழைய கம்பனியிடம் கேட்டு வாங்குங்கள், வாயால் சொன்னால் ஏற்கமாட்டார்கள். பிளாஸ்டிக் மூடி, டயர், பற்றரி போன்றவற்றில் பழைமைக்கேற்பத் தேய்மானம் கழிப்பார்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

உப்புவெளியில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஸ்கூட்டி வாடகைக்கு விடுகிறேன். சாதாரணப் பொலிசி போதுமா?

போதாது. தனிப்பட்ட பாவனை என்று எழுதிய பொலிசி, வாடகைக்கு விட்ட கணத்திலிருந்து கைவிட்டுவிடும். வாடகைப் பாவனை என்று எழுதித்தான் எடுக்க வேண்டும். வெளிநாட்டவரிடம் இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம், அதுவும் மோட்டார் சைக்கிள் வகுப்புக்குரியது, இருக்கிறதா என்று பார்த்துப் பிரதி எடுங்கள். கார் மட்டும் ஓட்ட அனுமதியுள்ளவர் பலர் ஸ்கூட்டி கேட்டு வருகிறார்கள். உணவும் பார்சலும் விநியோகிக்கும் இளைஞர்களும் தங்கள் பாவனையைப் பொலிசியில் எழுதுவிக்க வேண்டும்.

கடல்காற்றில் துருப்பிடிப்பது, சைலன்சர் மாற்றுவது?

துரு தேய்மானம், எந்தக் காப்புறுதியிலும் வராது. மாற்றிய சைலன்சர், அலோய் வீல் போன்றவற்றை முன்பே அறிவிக்காவிட்டால் அவற்றின் பெறுமதி கணக்கில் வராது. எஞ்சினைப் பெருப்பித்தால் கோரிக்கை முழுவதுமே கேள்விக்குறியாகலாம்.

பைக் களவு போனால்?

அன்றே பொலிஸ் முறைப்பாடு, அன்றே கம்பனிக்கு அறிவித்தல். இரண்டு திறப்பையும் கேட்பார்கள். ஒன்று தொலைந்திருந்தால் அது எப்போது தொலைந்தது என்று விளக்க நேரும், ஆகவே திறப்புத் தொலைந்தால் அந்த நேரத்திலேயே முறைப்பாடு போட்டு வையுங்கள். பதிவுப் புத்தகத்தைச் சீட்டுக்கு அடியில் வைத்திருப்பவர்கள் இன்றே எடுத்து வீட்டில் வையுங்கள்.

தகாஃபுல் முறையில் எடுக்கலாமா?

எடுக்கலாம். இஸ்லாமிய முறைப்படி நடத்தப்படும் இந்தக் காப்புறுதியும் சட்டத்துக்கு ஏற்புடையது. மேலே சொன்ன பெறுமதி, லைசன்ஸ், பெயர் பற்றிய விடயங்களை அங்கும் அதேபோலப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் படிவத்தை நிரப்பி, கையொப்பம் மட்டும் கேட்கிறார். போடலாமா?

வாசித்துவிட்டுப் போடுங்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் கேளுங்கள், இல்லையென்றால் வரிவரியாகச் சொல்லச் சொல்லுங்கள். பாவனை, ஓட்டுபவர்கள், முன்னைய விபத்துகள், பெறுமதி ஆகிய நான்கு இடங்களில் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். கையொப்பம் உங்களுடையது என்பதால் பிழையும் உங்களுடையதாகவே கணக்கிடப்படும். நிரப்பிய படிவத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

கோரிக்கையை மறுத்துவிட்டார்கள். இனி?

எந்த நிபந்தனைப்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த நிபந்தனையை உங்கள் பொலிசியில் தேடி வாசியுங்கள். அது அங்கே இல்லாமலும் இருக்கலாம். முதலில் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் மேன்முறையீடு. அதிலும் சரிவராவிட்டால், காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அல்லது 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டப்படி கம்பனிகளை மேற்பார்வை செய்யும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். மறுப்புக் கடிதம், பொலிசி, பிரேரணைப் படிவத்தின் (காப்புறுதி எடுக்கும்போது நீங்கள் கையொப்பமிட்ட விண்ணப்பத்தின்) பிரதி, படங்கள், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி ஆகிய ஐந்தையும் திகதி வரிசையில் இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.